சூடு தெரியாத கை

செம்பூர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு சந்தில் மூன்று நாற்காலி போட்ட சலூன் இருக்கிறது. அங்கே பிரம்மநாயகத்தை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தமிழர்களுக்கு அவர் ரெண்டு கை நாயகம். மற்றவர்களுக்கு 'தோனோ ஹாத்வாலா'. தலையின் வலப்பக்கத்தை வலது கையாலும் இடப்பக்கத்தை இடது கையாலும் வெட்டுவார். நாற்காலியைச் சுற்றி நடக்கிற வேலையே கிடையாது. பின்னால் நின்ற இடத்தில் நின்றபடி மெஷினை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவார். பந்தை மாற்றிப் பிடிக்கிற மாதிரி அத்தனை லேசாக இருக்கும். அதைக் கண்ணாடியில் பார்ப்பதற்காகவே அழாமல் உட்கார்ந்திருந்த குழந்தைகள் உண்டு.

பார்ப்பவர்களுக்கு அது வித்தை. அவருக்கு அது வலியிலிருந்து தப்ப ஒரு வழி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காலையில் வலது கையின் மூன்று விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப்போயின. அதுவரைக்கும் அந்தக் கை பதினாறு வருஷமாக மெஷின் பிடித்திருந்தது. சுவரில் ஒயர் செருகி ஓட்டுகிற பழைய மெஷின். உள்ளே காயில் என்கிற ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம், நொடிக்கு நூறு தடவை துள்ளுகிற ஒரு தகடு. வேலை முடிந்து மெஷினை நிறுத்திய பிறகும் முழங்கை வரை அந்தத் துள்ளல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வலது கைக்கு ஓய்வு கொடுக்கலாமென்று இடது கையைப் பழக்கினார். நன்றாகவே பழகியது. நாலைந்து வருஷத்தில் இரண்டு கையும் ஒன்றுபோல் ஆயின.

மெஷின் இருபது நிமிஷம் விடாமல் ஓடினால் பிளேடு சூடேறும். அதனால் எந்த சலூனிலும் கழுத்தில் வைப்பதற்கு முன் பிளேடைத் தன் விரல் முட்டியில் ஒரு கணம் ஒற்றிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. தானாகவே வந்துவிடுகிற பழக்கம். நாயகமும் ஒற்றிப் பார்ப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மூன்று வருஷமாக அந்த முட்டிக்குச் சூடு தெரியவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அதனால் தொழில் நின்றுவிடவில்லை. பிளேடு சுட்டால் உட்கார்ந்திருக்கிறவர் 'ஸ்ஸ்' என்பார், இல்லையென்றால் தோளைக் குலுக்குவார். நாயகம் உடனே மெஷினை நிறுத்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, "அரே பாய், கர்மி தோ பம்பய் மே ஹை, மெஷின் மே நஹீ" என்று, சூடு பம்பாயில்தான், மெஷினில் இல்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். ஊரார் கழுத்தே அவருக்குத் தெர்மாமீட்டர் ஆகிவிட்டது. அந்தத் தெர்மாமீட்டர் வேலை செய்யாத கழுத்தும் ஒன்று இருக்கலாம் என்று அவர் யோசித்ததில்லை.

மாதுங்காவில் மூன்றாவது மாடியில் பத்ரிநாராயணன் இருந்தார். கப்பல் கம்பெனி ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். எண்பத்திரண்டு வயது. இருபது வருஷமாக நாயகம்தான் அவருக்கு முடி வெட்டுகிறார். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய் வெட்டிவிட்டு வருவார். மகள் வந்தனா பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"நாயகம், காதுக்குப் பின்னாடி விட்டுடாதே. போன தடவை புல்லு மாதிரி நின்னுது," என்றார் பெரியவர் அன்றைக்கு. வாய் ஒருபக்கம் இழுத்தபடி வந்த பேச்சு. பழகியவர்களுக்குத்தான் புரியும்.

"நீங்க தலைய ஆட்டாம இருந்தா புல்லு பூண்டு எல்லாம் எடுத்துருவேன் சார்."

"ஆட்டறதுக்கு எனக்குப் பாதித் தலைதானேய்யா இருக்கு!"

இருவரும் சிரித்தார்கள். நாயகம் முடியை வெட்டி, தாடியையும் மெஷினாலேயே ஒட்ட எடுத்து, கடைசியாகக் கழுத்தின் இடப்பக்கத்துக்கு வந்தார். பிளேடை விரல் முட்டியில் ஒற்றினார். கழுத்தில் வைத்தார். பெரியவர் அசையவில்லை. ஓரம் நேராக வர வேண்டுமென்று அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தி ஓட்டினார். தோல் கொஞ்சம் சிவந்தது. உரசலாக இருக்கும் என்று நினைத்து அதன்மேல் பவுடர் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது போனில் படம் வந்தது. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது. அதன் கீழ் ஓரத்தில் பிளேடின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் வந்தனாவே கூப்பிட்டாள்.

"போட்டோ பார்த்தீங்களா?"

"பாத்தேம்மா."

"அப்பாவுக்கு அந்த சைடுல ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"மெஷின் கோளாறும்மா. திடீர்னு சூடாயிட்டு."

"ஷுகர் இருக்கறவர். புண் ஆற எத்தனை நாளாகும் தெரியுமா? முதல்ல மெஷினை மாத்துங்க. அது வரைக்கும் வர வேண்டாம்."

போனை வைத்த பிறகு அவர் படத்தை மறுபடி பார்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

மனைவி பேராச்சியிடமும் மெஷின் என்றுதான் சொன்னார். அவள் வீட்டில் தோல் பர்ஸுக்கு உள்துணி தைக்கிறவள். தாராவியில் அவர்கள் இருந்த சந்தில் எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தையலை நிறுத்தாமலே சொன்னாள்: "முந்தாநாள் கொதிக்கிற சோத்துப் பானைய வெறுங்கையால இறக்கி வச்சிய. மெஷினுக்கா சுரணை இல்ல?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ரெண்டு வருசமாப் பாக்கேன். நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்."

அவள்தான் அவரை முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், எத்தனை வருஷம் என்று கேட்டார். மெஷினின் நடுக்கம் நரம்பைத் தின்றிருக்கிறது, இப்போதே நிறுத்தினால் இதற்கு மேல் போகாது, போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். இதில் நாயகம் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தப்பு மெஷினில். அப்படியென்றால் சுடாத, நடுங்காத மெஷின் ஒன்று கையில் இருந்துவிட்டால் விரலுக்குத் தெரிய என்ன இருக்கிறது? யாரிடமும் எதையும் சொல்லவும் வேண்டாம். ஐம்பத்து நாலு வயதில் வேறு எந்தத் தொழிலை நினைப்பது?

தாராவியிலேயே மோட்டார் காயில் கட்டுகிற சுடலைக்கண்ணன் இருந்தார். மிக்ஸி, டிரில், தையல் மோட்டார் எதைக் கொண்டுபோனாலும் திறந்து பார்த்துவிட்டு, செய்தவனைத் திட்டுவார். அப்புறம் சரிசெய்து கொடுப்பார். நாயகத்தின் மெஷினைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதையாவே மண்டையில வைக்கீரு? காட்டுத்தேனீ கணக்கா இருக்கு. சார்ஜ்ல ஓடுதது விக்கானே, வாங்க வேண்டியதானே?"

"வாங்கினேன். அதும் சுடுது. விலை கூடினதும் பாத்தாச்சு, பத்து தலைக்கப்புறம் அதே கதைதான்."

"சுட்டா ஒம்ம கை சொல்லிரும்லா. நிப்பாட்டிட்டு எண்ணெய் விடும்."

நாயகம் கையை மடக்கிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். சுடலைக்கண்ணன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்து மெஷினின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அந்த வேலை மூன்று மாதம் இழுத்தது. முதலில் காயிலையும் காந்தத்தையும் எடுத்துப் போட்டுவிட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு சுழல் மோட்டாரை வைத்தார் சுடலைக்கண்ணன். அதன் அச்சில் மையம் தள்ளி ஒரு முளை. மோட்டார் சுற்றச் சுற்ற அந்த முளை பிளேடை இடமும் வலமும் இழுத்தது. முடி வெட்டியது. ஆனால் நடுக்கம் முன்னைவிடக் கூடிப்போயிற்று. "பிளேடு ஒரு பக்கம் ஓடுதப்ப மறுபக்கம் ஓட ஆளு வேணும்வே," என்று சொல்லிவிட்டு, பித்தளையில் ஒரு சின்ன எடைக்கல்லைச் செய்து எதிர்த்திசையில் ஓடும்படி கோத்தார். பிளேடு இடம் போனால் கல் வலம் போகும். அரத்தால் அந்தக் கல்லைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். மெஷினை மேஜைமேல் படுக்க வைத்து, மேலே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து ஓட்டிப் பார்ப்பார். தண்ணீரில் வட்டம் எழும். அரத்தை எடுப்பார். பதினெட்டாம் நாள் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

அடுத்தது சூடு. மோட்டார் அச்சின் பின்பக்கம் ஒரு குட்டி விசிறியை மாட்டி, காற்று பிளேடுக்கு அடியில் போய் வெளியேற வழி வெட்டினார். சலூனில் பெருக்கிய முடியில் ஓட்டிப் பார்த்த இரண்டாம் நாளே அந்த வழி முடியால் அடைத்துக்கொண்டது. டீ வடிகட்டியின் வலையை வெட்டி வாயில் ஒட்டினார்கள். அது நின்றது. காற்றை நம்பி மட்டும் விட நாயகத்துக்கு மனம் வரவில்லை. "சூடானா அதுவா நிக்கணும்," என்றார். இஸ்திரிப்பெட்டியில் சூடேறினால் வளைந்து கரண்ட்டை விடுகிற தகடு இருக்கிறதே, அதைப்போல ஒன்றைச் சிறியதாகத் தேடிப் பிடித்து பிளேடுக்குப் பின்னால் வைத்தார் சுடலைக்கண்ணன். முதல் நாள் அது இரண்டாவது நிமிஷத்திலேயே வளைந்து, சுடலைக்கண்ணனிடம் மீசையைக் கொடுத்த ஒரு ரிக்‌ஷாக்காரர் பாதி மீசையோடு அரை மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. அவர் இறங்கிப் போகும்போது சொன்னது எழுதத் தக்கதல்ல.

தகடு சரியான சூட்டில் வளைகிறதா என்று அளக்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் கடை திறக்க வேண்டுமானால் நெற்றிக்கு நேரே நீட்டுகிற தெர்மாமீட்டர் வேண்டும் என்றார்களே, அது சலூன் அலமாரியில் கிடந்தது. நாயகம் அதைத் துடைத்துக் கொண்டுபோனார். பிளேடுக்கு நேரே நீட்டினால் எத்தனை சூட்டிலும் அது 'லோ' என்றே காட்டியது. "பளபளன்னு இருக்கதுல அது ஏமாந்து போவும்வே," என்றார் சுடலைக்கண்ணன். பிளேடின்மேல் கறுப்பு டேப்பை ஒரு துண்டு ஒட்டினார். அதன் பிறகு எண் சரியாக வந்தது. நாற்பத்தொன்றில் மெஷின் தானாக நின்றது. பத்துத் தடவை ஓட்டினார்கள், பத்துத் தடவையும் நின்றது. நாயகம் அந்தக் கடையின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, வெகு நாளைக்குப் பிறகு நன்றாகச் சிரித்தார்.

முதல் தலை யாருடையது என்பதில் கேள்வியே இல்லை. பேராச்சியின் தம்பி அய்யாத்துரை அதே சலூனில் இரண்டாவது நாற்காலிக்காரர். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம், அவரே அத்தானின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

"அத்தான், மெஷினப் போட்டியளா?"

"ஓடிக்கிட்டுத்தான்லே இருக்கு."

"சத்தத்தையே காணோம்! ஓடுதா, சும்மா தடவிக் குடுக்கியளா?"

முடி விழுந்தது. அய்யாத்துரை கண்ணை மூடிக்கொண்டார். "பனிக்கட்டி கணக்கா இருக்கு அத்தான். இத வச்சுக் கல்யாண மாப்பிளைக்குச் செரைச்சா தூங்கிருவான்." வலப்பக்கம் முடிந்தது. நாயகம் மெஷினை இடது கைக்கு மாற்றினார். காதுக்கு மேலே போகும்போது ஏதோ ஒன்று இல்லாததுபோல் இருந்தது. மெஷின் கையில் இருக்கிறது என்று கண் சொன்னது. கை அதைச் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம், பிளேடு படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணாடி காட்டாது; நேரே பார்த்தால் தன் கையே மறைத்தது. சுதாரிப்பதற்குள் மெஷின் முனை உள்ளே சாய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகத் தோல் தெரிந்தது.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை வருஷம் விரல் செத்துப்போன பிறகும் எதை வைத்து வெட்டினோம் என்று அப்போதுதான் புரிந்தது. பழைய மெஷினின் நடுக்கம் விரலைத் தாண்டி மணிக்கட்டிலும் முழங்கை எலும்பிலும் வந்து பேசும். பிளேடு தலையில் அழுந்தினால் அது ஒருமாதிரி, விலகினால் வேறுமாதிரி. கையைக் கெடுத்த அந்த நடுக்கம்தான் கையைப் பிடித்து நடத்தியும் இருக்கிறது. சுடலைக்கண்ணன் அரத்தால் துளித்துளியாகத் தேய்த்து எடுத்தது அதைத்தான்.

அய்யாத்துரை கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்துப் பார்த்தார். "என்ன அத்தான், இங்கன பிளாட்டு போட்டு விக்கப் போறியளா?" என்று சிரித்தவர், அத்தானின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "கையிலயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு கையிலயும்."

"எத்தன நாளா?"

நாயகம் சொன்னார். அய்யாத்துரை எழுந்து, தானே மெஷினை வாங்கி, தன் தலையை முழுக்க ஒட்ட வழித்துக்கொண்டார்.

சாயங்காலம் சுடலைக்கண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டார்: "கல்லுல ரெண்டு துளி கூட்டி வச்சா நடுக்கம் வந்துரும். வேணுமா?"

"வச்சா?"

"வச்சா, வெட்டலாம். பழைய மெஷின் செஞ்சத இது கொஞ்சம் மெல்லச் செய்யும். அவ்ளதான். சூட்டுக்குத் தகடு இருக்கு. யாருக்கும் தெரியாது." பிறகு மெஷினைத் துணியில் துடைத்தபடி, "நாளைக்கு உள்ள தகட்டுல முடி அடைச்சு அது வளையாம நின்னுட்டா, யாரு சொல்லுவா ஒமக்கு? அதையும் யோசிச்சுக்கிடும்," என்றார்.

நாயகம் மெஷினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு நேராகப் போகவில்லை. சயான் ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்பி நடந்து வந்தார். யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை, கேட்டபோது ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அய்யாத்துரையையும் கூட்டிக்கொண்டு மாதுங்காவுக்குப் போனார். கதவைத் திறந்த வந்தனா, "புது மெஷினா?" என்றாள்.

"புதுசும்மா. இது சுடாது. சூடானா நின்னுரும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் வழிவிட்டு நகர்ந்துவிட்டாள். செய்தித்தாள்கூட எடுத்தாகிவிட்டது. நாயகம் வாசலைத் தாண்டாமல் நின்றார். "அன்னைக்கு மெஷின் கோளாறுன்னு சொன்னது பொய்ம்மா. எனக்குக் கையில சுரணை இல்ல. சுடுதது எனக்குத் தெரியல."

வந்தனா திரும்பினாள். "அன்னைக்கு மட்டுமா?"

"மூணு வருசமா."

"தெரிஞ்சே வந்திருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுக்கப்புறமும், தெரிஞ்சே."

"ஆமாம்மா."

பால்கனியிலிருந்து பெரியவர் குரல் வந்தது. "யாரு? நாயகமா? வரச் சொல்லு." அவருக்கு என்ன காதில் விழுந்ததோ தெரியவில்லை. வந்தனா கையிலிருந்த செய்தித்தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு அய்யாத்துரையைப் பார்த்து, "நீங்க வெட்டுங்க," என்றாள்.

அய்யாத்துரை வெட்டினார். கழுத்தில் ஆறிய இடம் ஊதா நிறத்தில் மழமழவென்று இருந்தது. அங்கே முடி முளைக்கவில்லை. பெரியவர் தலை சாயாமல் இருக்க நாயகம் எதிரே உட்கார்ந்து அவருடைய மோவாயைத் தாங்கிக்கொண்டார். "நீ ஏன்யா வெட்டலை? என்மேல கோபமா?" என்று கேட்டார் பெரியவர். நாயகம் மோவாயை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார். கிளம்பும்போது வந்தனா அய்யாத்துரையின் நம்பரை வாங்கிக்கொண்டாள். நாயகத்திடம் சரி, கிளம்புங்க என்று சொன்னாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

சலூனில் தன்னுடைய முதல் நாற்காலியை அவர் அந்த வாரமே விட்டார். இப்போது பையில் நான்கு மெஷின்களோடு கடை கடையாகப் போகிறார். சுடலைக்கண்ணன் செய்து தருகிறார், நாயகம் கொண்டுபோய்க் காட்டுகிறார். காட்கோபர், வடாலா, ஐரோலி வரைக்கும் போயிருக்கிறார். சத்தம் இல்லாத மெஷினை எல்லாருக்கும் பிடிக்கிறது. ஆனால் அவர் மெஷினை முதலில் எடுப்பதில்லை. சீப்பை எடுத்து, அதன் பற்கள் படுவது விரலுக்குத் தெரிகிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்கிறார். அது யாருக்கும் பிடிப்பதில்லை. "நீரு டாக்டராவே?" என்று காட்கோபரில் ஒருவர் கேட்டார். இன்னொரு கடையில் வாடிக்கையாளர் எதிரில் இப்படிச் செய்யாதே என்று வெளியே அனுப்பினார்கள். கையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை அவருக்குத் தெரியாததல்ல.

போன மாதம் வடாலாவில் பூலோகம் என்பவருடைய கடை. நாற்பது வயதிருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. மெஷினைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார், விசிறியின் வலையை ஊதிப் பார்த்தார், "சோக்கா இருக்கு அண்ணாச்சி" என்றார். சீப்புப் பரீட்சைக்கும் மறுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடி, வலது கையை நீட்டினார்.

நாயகம் சீப்பின் பற்களை அவருடைய நடுவிரல் நுனியில் வைத்தார். கொஞ்சம் அழுத்தினார். தோலில் பற்கள் பதிகிற அளவுக்கு அழுத்தினார்.

"ம், தொடுங்க அண்ணாச்சி," என்றார் பூலோகம் சிரித்தபடி. "எவ்வள நேரம் கண்ண மூடிக்கிட்டே இருக்கது?"